மார்கழி முதல் மாசி வரை குமரிக் கடலோரத்தில்: ரிட்டயர் ஆனவர்கள் தங்கலாமா?

குன்னூர்க்காரர்

குளிர்காலத்தை எங்கே கழிக்கலாம் என்று ரிட்டயர் ஆனவர்கள் கேட்டால் கோவா, புதுச்சேரி, வர்க்கலா என்றுதான் பதில் வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தை யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் ஒரு நாள் சூரிய உதயம் பார்த்துவிட்டு வரலாம் என்பதோடு சரி. நாங்கள் அங்கே மாதக்கணக்கில் தங்குகிறவர்கள், அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

எங்களுக்கு வீடு குன்னூரில். நான் தபால் துறையில் இருந்தேன், மனைவி பள்ளிக்கூட டீச்சர், இரண்டு பேருக்கும் பென்ஷன் வருகிறது. குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். டிசம்பர், ஜனவரியில் மேலே ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் பக்கமெல்லாம் புல்மேல் உறைபனி பிடித்திருக்கும், அதைப் போட்டோ எடுக்கவே பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள். எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் துவைத்த துணி காயாது, காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முட்டி மடங்காது, மனைவிக்கு இரவெல்லாம் இழுப்பு. டாக்டர்தான் குளிர் முடிகிற வரை கீழே எங்காவது போய் இருங்களேன் என்றார்.

கோயம்புத்தூரில் மகள் வீடு இருக்கிறது. ஆனால் மூன்று மாதம் மகள் வீட்டில் உட்கார்ந்திருப்பது யாருக்கும் நல்லதில்லை, மகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோவையில் இரவு ரயில் ஏறினால் விடிகாலையில் நாகர்கோவில். ஈத்தாமொழிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மார்கழி பிறக்கிற சமயத்தில் போனால் மாசி கடைசியில் திரும்புவோம். அங்கே பகலில் 30 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் 22, 23. போர்வை வேண்டாம், மின்விசிறி மெதுவாக ஓடினால் போதும்.

வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கன்னியாகுமரி ஊருக்குள் தங்காதீர்கள். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை ஐயப்பசாமிகள் கூட்டம், அதன்மேல் பள்ளிக்கூட டூர் பஸ்கள், அரையாண்டு லீவு, புத்தாண்டு. லாட்ஜ் வாடகை அவர்கள் சொன்னதுதான். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறந்த பிறகு படகுக்கு நிற்கிற வரிசை இன்னும் நீண்டுவிட்டது. அங்கே ஒரு மாதம் இருந்தால் கடலைப் பார்ப்பதைவிட முதுகுகளைத்தான் அதிகம் பார்ப்போம்.

இரண்டாவது, கடலை ஒட்டிய வீடு வேண்டாம். பார்க்க ஆசையாக இருக்கும். உப்புக்காற்றில் கதவுக் கொண்டி, கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜின் பின்பக்கம் எல்லாம் துருவேறும், கிணற்றுத் தண்ணீரும் உவர்ப்படிக்கும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, தென்னை நிழலில் வீடு பாருங்கள். கடல் எங்கேயும் போய்விடாது, ஸ்கூட்டரை எடுத்தால் சங்குத்துறையோ சொத்தவிளையோ பக்கம்தான்.

மூன்றாவது, முன்கூட்டியே வராதீர்கள். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது, 2021 நவம்பரில் ஊரெல்லாம் வெள்ளம் புகுந்து ரயில் பாதையே போனது. டிசம்பர் பாதிக்கு மேல் வாருங்கள், வானம் ஓரளவு தெளிந்திருக்கும்.

கேட்க நினைப்பதைக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாஞ்சில் நண்டு

எல்லாம் சரி அண்ணாச்சி, லவுட் ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே? மார்கழியில் விடியக்காலை நாலரைக்கு அம்மன் கோயில் குழாய் தொடங்கும், அது ஓய்வதற்குள் சர்ச் மணி, அதற்கு முன்னாலேயே எங்காவது பாங்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கேரல் குழு ராத்திரி பதினொரு மணிக்கு டிரம்ஸோடு வாசலில் நிற்கும், கூடவே ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா ஆடுவார். எங்கள் ஊரில் ஓய்வு கிடைக்கும், தூக்கம் கிடைக்கும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

குன்னூர்க்காரர்

நண்டு சார், உண்மை. ஆனால் எனக்கு எப்படியும் நாலு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. குன்னூரில் அந்த நேரத்தில் கம்பளிக்குள் கிடந்து விடிவதற்காகக் காத்திருப்பேன், இங்கே பாட்டாவது கேட்கிறது.

டெல்லிக் குளிர்

நான் டெல்லியில் மத்திய அரசு வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவன், சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், அங்கே இப்போது யாரும் இல்லை. நவம்பர் வந்தால் காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டி நிற்கிறது, வாக்கிங் போகாதே என்று டாக்டரே சொல்கிறார். அதற்குப் பிறகு ஜனவரிக் குளிர். திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினால் நேரே கன்னியாகுமரியில் இறங்கலாம் என்று ரொம்ப நாளாக ஒரு யோசனை. என் கேள்வி வேறு. அங்கே பகல் முழுக்க என்ன செய்வீர்கள்? வேலை இல்லாத ஊரில், தெரிந்தவர் இல்லாத வீட்டில், நானும் இவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்?

குன்னூர்க்காரர்

டெல்லி சார், கேட்க வேண்டியதைக் கேட்டீர்கள். சுற்றுலாவை நம்பி வந்தால் இரண்டு வாரத்தில் சரக்கு தீர்ந்துவிடும். பத்மநாபபுரம் அரண்மனை (திங்கட்கிழமை லீவு, மறந்துவிட்டுப் போகாதீர்கள், நிலம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரள அரசிடம்), மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு, வட்டக்கோட்டை, முட்டம், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள். பார்த்தாயிற்று. அப்புறம்?

அப்புறம்தான் நாங்கள் இருக்கிற வாழ்க்கை. காலையில் இருட்டு பிரிகிற நேரம் கடற்கரைக்குப் போவேன். சில நாள் கரமடி வலை இழுத்துக்கொண்டிருப்பார்கள். வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் தள்ளித் தள்ளி நின்று இரண்டு கூட்டம் இழுக்கும், வலை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒன்றை நோக்கி ஒன்று நடந்து வரும். பின்னால் நிற்கிற ஒருவர் வருகிற கயிற்றை மணலில் வட்டம் வட்டமாகச் சுருட்டிக்கொண்டே இருப்பார். அவருக்கு என் வயதுக்கு மேல் இருக்கும். ஒருநாள் நானும் கயிற்றைப் பிடித்தேன், உள்ளங்கை சிவந்து போனது. மடியை மணலில் இழுத்துப் போட்டால் பாதிக்கு மேல் நெத்திலி, கொஞ்சம் சாளை, நடுவில் ஒரு பிளாஸ்டிக் செருப்பு. இழுத்ததற்குக் கூலி என்று சிரித்துக்கொண்டே ஒரு கை நெத்திலியை என் துண்டில் போட்டார்கள். அந்தத் துண்டு அப்புறம் எதற்கும் ஆகவில்லை, அது வேறு கதை.

திரும்பும்போது டீக்கடை. தினத்தந்தியைப் பங்கு போட்டுப் படிப்போம், நடுப்பக்கம் எப்போதும் இன்னொருவர் கையில்தான் இருக்கும். தென்னை விலை, ரப்பர் விலை, யார் மகன் எந்த நாட்டில், இதுதான் பேச்சு. நான் தபால்காரன் என்று தெரிந்த பிறகு ஆதார், பென்ஷன், சேமிப்புப் பத்திரம் எல்லாவற்றுக்கும் என்னிடம் வருகிறார்கள். பாதிக்கு எனக்கே பதில் தெரியாது, நாகர்கோவில் தலைமை அஞ்சலகத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து சொல்கிறேன். ஆக பகல் ஓடிவிடுகிறது. ஊருக்கு நாம் ஏதாவது ஒரு வகையில் தேவைப்பட வேண்டும் சார். விருந்தாளியாக இருந்தால் நீங்கள் சொல்கிற முகம் பார்க்கிற பிரச்சினை வரத்தான் செய்யும்.

பெங்களூர் மகன்

என் அப்பா அம்மாவும் இப்படித்தான் ஒரு பிளான் வைத்திருக்கிறார்கள், எனக்குத்தான் பயம். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் தென்னந்தோப்புக்குள் யார் வருவார்கள்? இந்த இழையில் எல்லாரும் மீனைப் பற்றியே பேசுகிறீர்கள்.

ஆசாரிபள்ளம் சிஸ்டர்

தம்பி, நான் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், இந்த ஊர்க்காரி. நியாயமான பயம்தான். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, நாகர்கோவிலைச் சுற்றித் தனியார் மருத்துவமனைகள் நிறைய. பெரிய சிகிச்சை என்றால் திருவனந்தபுரம், சுமார் 70 கிலோமீட்டர். ஆனால் அந்த ரோட்டை நம்பாதீர்கள், மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் வண்டி நகராது. வீடு பார்க்கும்போதே ஆம்புலன்ஸ் வாசல் வரை வருமா என்று பாருங்கள். தோப்பு வீடுகளில் பல இடங்களில் ஒற்றையடிப் பாதைதான் இருக்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை யாரும் யோசிப்பதில்லை. குளிரில் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கும், அதற்குத் தகுந்த மாதிரி டாக்டர் மாத்திரை கொடுத்திருப்பார். அதே மாத்திரையோடு இங்கே வந்து வேர்வையில் நனைந்தால் அழுத்தம் இறங்கித் தலைசுற்றும், நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். எழுந்து நிற்கும்போது விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து வந்த பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிளம்புமுன் டாக்டரிடம் இடம் மாறுவதைச் சொல்லுங்கள், வந்த ஒரு வாரத்தில் இங்கே ஒருமுறை அழுத்தம் பாருங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மருந்துச் சீட்டு ஒரிஜினலோடு வாருங்கள்.

எண்ணெய்த் தேய்ப்பு, வர்மம் என்று வருகிறவர்களும் உண்டு. கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது, அங்கே போங்கள். ரோட்டோரப் போர்டைப் பார்த்து முதுகைக் கொடுக்காதீர்கள்.

பெங்களூர் மகன்

நன்றி அக்கா. மாத்திரை விஷயம் அப்பாவிடம் இப்போதே சொல்கிறேன்.

குன்னூர்க்காரர்

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. எங்கள் மாடியில் வீட்டுக்காரர் குடும்பமே இருக்கிறது. தனி வீடு இன்னும் மலிவாகக் கிடைத்தது, வேண்டாம் என்றோம். கீழே விளக்கு எரியவில்லை என்றால் மேலிருந்து ஒரு குரல் வரும், அது போதும்.

குன்னூர்க்காரர்

இது அவருடைய மனைவி. அவர் குளிக்கப் போயிருக்கிறார், போன் என் கையில். மேலே எழுதியதெல்லாம் படித்தேன், ஏதோ கடற்கரையும் டீக்கடையும்தான் வாழ்க்கை என்பது போல இருக்கிறது. வீட்டுக்குள் நடப்பதையும் எழுத வேண்டாமா?

எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. குன்னூரில் என் வீடு, என் பாத்திரம், என் ரோஜாத் தொட்டி. இங்கே வாடகை வீட்டில் இருந்த இரண்டு அலுமினியச் சட்டியைப் பார்த்து அழுகை வந்தது. மாடி வீட்டு அக்காதான் ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து கொடுத்து, இதில் வைத்தால்தான் மீன் மீனாக இருக்கும் என்றார்கள். நெத்திலி அவியல் அவர்கள் சொல்லிக் கொடுத்ததுதான். தேங்காய், சின்ன உள்ளி, பச்சைமிளகாய், மஞ்சள், சீரகம், இவ்வளவையும் ஒன்றிரண்டாகத்தான் அரைக்க வேண்டும், மை மாதிரி அரைத்தால் கெட்டது. மாங்காய்த் துண்டு போட்டால் புளி வேண்டாம். கரண்டி விட்டுக் கிளறக் கூடாது, சட்டியின் காதைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். இறக்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெய், கறிவேப்பிலை. இவருக்கு அந்தச் சிவப்புச் சம்பா அரிசிச் சோறு இன்னும் இறங்கவில்லை, தனியாக வெள்ளைச் சோறு வடிக்கிறேன். எனக்கு இப்போது சம்பாதான்.

மீன் கொண்டுவருகிற அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றால் தலைச்சுமையை இறக்க ஒரு கை கொடுக்க வேண்டும். கை கொடுத்தாயிற்று என்றால் வாங்காமல் அனுப்ப முடியாது, அது எழுதாத சட்டம். விலை கேட்டால் அவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார், அப்புறம் மீனைப் பார்ப்பார், அப்புறம்தான் சொல்வார். நான் செவுளைத் தூக்கிப் பார்த்தால் கோபம் வரும். 'டீச்சர், நேத்து பிடிச்ச மீனை உங்க வாசலுக்குக் கொண்டு வருவேனா?' என்று கேட்பார். கொண்டு வருவார், இரண்டு முறை கண்டுபிடித்திருக்கிறேன். ஆனாலும் பேரத்தை முடித்த பிறகு வாசல்படியில் உட்கார்ந்து, அரிவாள்மணையில் அவரே சுத்தம் செய்து கொடுத்து, வெற்றிலை போட்டுவிட்டுத்தான் கிளம்புவார். மகன் வெளிநாட்டுக் கப்பலில், மருமகளோடு பேச்சில்லை, பேத்தி பத்தாம் வகுப்பு. பேத்திக்குக் கணக்கு வரவில்லை என்றார். இப்போது வாரத்தில் சில நாள் சாயங்காலம் அந்தப் பெண் புத்தகத்தோடு வருகிறது, கூடவே இன்னும் நாலைந்து பிள்ளைகள். டெல்லிக்காரர் மனைவியிடம் சொல்லுங்கள், பொழுது போகாது என்ற பயம் வேண்டாம்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. வடசேரி கனகமூலம் சந்தைக்கு நான் போனால் காசு இல்லை, இவர் கூட வந்தால் இவருக்கு மட்டும் டிக்கெட். அதனால் நான் தனியாகத்தான் போகிறேன்.

ராஜாக்கமங்கலம் மருமகள்

டீச்சர் அம்மா சூப்பர்! நீங்கள் தனி ஐடி எடுங்கள், அப்பா ஐடியில் ஒளிந்து எழுத வேண்டாம். மட்டிப் பழம் சாப்பிட்டீர்களா? 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூரில் எதையோ மட்டி என்று விற்கிறார்கள். எங்கள் பக்கம் குழந்தைக்கு முதலில் ஊட்டுகிற பழம் அது, பல் பிரச்சினை உள்ள பெரியவர்களுக்கும் அதுதான். தை மாதம் பனங்கிழங்கு வரும், அவித்து நாரை உரித்துத் தேங்காயோடு. பதநீர் மாசி கடைசியில் தொடங்கினால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

வள்ளவிளைக்காரன்

நான் கடல்தொழில் குடும்பம், இப்போது வளைகுடாவில் வேலை. பெரியவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தக் கடலில் இறங்காதீர்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எங்கள் மேற்குக் கரையில் கடல் சாதுவாகத்தான் தெரியும், ஆடி மாதத்து ஆட்டம் இருக்காது, அதுதான் ஆபத்து. முழங்கால் ஆழத்தில் நிற்கிறேன் என்பார்கள், காலடி மணல் சரிந்து இழுத்துவிடும். கள்ளக்கடல் என்று ஒன்று இருக்கிறது. எங்கோ தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றோ மழையோ எதுவும் இல்லாத நேரத்தில் வந்து ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் போனது அப்படித்தான். அன்றைக்கு எச்சரிக்கையும் இருந்தது.

இன்னொன்று. டிசம்பர் 26 அன்று கடற்கரைக் கிராமங்களில் சுனாமி நினைவு நாள். குளச்சல், மணக்குடி, கொட்டில்பாடு எல்லாம் 2004-இல் எத்தனை பேரைக் கொடுத்த ஊர்கள். மணக்குடியில் பாலமே அடித்துக்கொண்டு போனது. அன்றைக்குக் காலையில் மௌன ஊர்வலம் போகும், கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவர்கள் அங்கே போய் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். நீங்கள் மாதக்கணக்கில் இருக்கிறவர்கள், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

வாடகை பற்றியும் பேச வேண்டும். வெளியூர்க்காரர்கள் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போவதால் எங்கள் பக்கம் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகிற பிள்ளைகளுக்கு வீடு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. இது யாருடைய குற்றம் என்று நான் சொல்லவில்லை.

குன்னூர்க்காரர்

தம்பி, கடலைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன், நாங்கள் கணுக்காலுக்கு மேல் நனைவதில்லை. டிசம்பர் 26-க்கு மாடி வீட்டுக்காரர்களோடு மணக்குடிக்குப் போவோம், பின்னால் நிற்போம், வருவோம்.

வாடகை விஷயத்திலும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நாங்கள் இருப்பது சென்னையில் இருக்கிற மகனுக்காகக் கட்டிய பகுதி, மற்ற மாதங்களில் பூட்டியே கிடக்கிறது. அந்த மாதிரி வீடாகப் பார்த்து எடுங்கள் என்றுதான் நானும் எல்லோருக்கும் சொல்கிறேன். தோப்பு வீடுகளில் இப்படிப் பூட்டிக் கிடப்பவை நிறைய, பிள்ளைகள் பாதிப்பேர் வெளிநாட்டில். கடற்கரைக் கிராமத்துக்குள் போய் ஒரு குடும்பம் இருக்க வேண்டிய வீட்டைப் பிடிக்காதீர்கள்.

சந்தேகம் சந்திரன்

மணவாளக்குறிச்சிப் பக்கம் கறுப்பு மணல், கதிர்வீச்சு என்கிறார்களே, வயதானவர்கள் போய்த் தங்கலாமா? யாரும் அதைப் பேசவே இல்லை.

நாஞ்சில் நண்டு

வந்தாச்சு. மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம், அதனால் இயற்கையாகவே கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். இது ரகசியமே இல்லை, இல்மனைட், சிர்க்கான், கார்னெட் எல்லாம் பிரிக்கிற மத்திய அரசு ஆலையே அங்கே இருக்கிறது. கேரளத்தில் கருநாகப்பள்ளியில் இதே மாதிரி மணல்மேல் வாழ்கிறவர்களைப் பல வருடம் தொடர்ந்து ஆராய்ந்தார்கள், புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றார்கள். எங்கள் கடற்கரை மக்கள் அதை நம்புவதில்லை, வீட்டுக்கு வீடு நோயாளியைக் காட்டுவார்கள். கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போராட்டம் நடப்பதும் அதனால்தான். தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கிறவர்களின் வழக்கு அது. வாடகைக்கு வந்து மூன்று மாதம் தங்குகிறவர் சந்தேகம் இருந்தால் கிழக்கே தள்ளி வீடு பார்க்கட்டும், மாவட்டத்தில் இடமா இல்லை.

டெல்லிக் குளிர்

டீச்சர் அம்மா எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். 'போகலாம், ஆனால் மீன் சுத்தம் செய்ய நான் மாட்டேன்' என்றாள். நாங்கள் சைவம் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். சைவக்காரர்கள் அங்கே என்ன செய்வது?

ராஜாக்கமங்கலம் மருமகள்

ஐயையோ, நாஞ்சில்நாட்டு சைவச் சமையல் தெரியாமல் கேட்கிறீர்களே. தீயல், எரிசேரி, புளிசேரி, ஓலன், அவியல், இஞ்சிக் கறி. கல்யாண வீட்டு இலையில் பாயசமே இரண்டு மூன்று வரும், பருப்புப் பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிப் போட்டுப் பழத்தைப் பிசைந்து சாப்பிட வேண்டும். நாகர்கோவில் ரசவடை, ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து. சுசீந்திரம் பக்கம் வீடு எடுங்கள், தாணுமாலயன் கோயில் தெருக்களில் சைவக் குடும்பங்கள் நிறைய.

நாஞ்சில் நண்டு

சுசீந்திரம் நல்ல யோசனை. மார்கழித் திருவிழா பத்து நாளும் உங்களுக்குக் கோயிலே பொழுதுபோக்கு. மூன்றாம் திருநாள் ராத்திரி மக்கள்மார் சந்திப்பு என்று நடக்கும். கோட்டாறு வலம்புரி விநாயகர், வேளிமலைக் குமாரசாமி, மருங்கூர் சுப்பிரமணியர் மூவரும் அப்பா அம்மா வீட்டு விசேஷத்துக்குப் பிள்ளைகளாக வந்து இறங்குவார்கள், தேரோட்டம் முடிந்த பிறகுதான் கிளம்புவார்கள். நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு லீவு யார் கொடுப்பார்கள், அது வேறு. தேரோட்டத்துக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3-ம் அப்படித்தான், ஆனால் அதற்கு மழைக்குள் வர வேண்டியிருக்கும்.

குன்னூர்க்காரர்

சுசீந்திரத்தில் இருந்தால் இன்னொரு லாபம், தேரூர்க் குளமும் சுசீந்திரம் குளமும் நடந்து போகிற தூரம். இந்த மாதங்களில் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான் என்று கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியிருக்கும். என் பழைய பைனாகுலரில் ஒரு கண்ணாடி கீறல், அப்படியும் காலைப்பொழுது முழுக்க ஓடிவிடும். மணக்குடிக் காயலுக்கும் புத்தளம் உப்பளத்துக்கும் ஸ்கூட்டரில் போனால் சில வருடம் பூநாரை நிற்கும், சில வருடம் இருக்காது. கும்பப்பூ நெல் வயல்கள் தை மாதம் பழுத்து நிற்கும், வயலுக்கு அந்தப் பக்கம் மலை. ஆனால் கொசு உண்டு டெல்லி சார், குளத்தங்கரை என்றால் கொசு இல்லாமலா. ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிற வீடாகப் பாருங்கள், இல்லையென்றால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அடித்துத் தரச் சொல்லுங்கள். கொடுத்த பிறகு யாரும் அடிக்க மாட்டார்கள்.

டெல்லிக் குளிர்

கடைசிக் கேள்விகள். வாடகையை எப்படிப் பேசுவது? ஏஜென்ட் மூலமா, நேரிலா? சாமான் எதை எடுத்து வர, எதை விட?

குன்னூர்க்காரர்

நேரில்தான். முதல் தடவை நாகர்கோவிலில் ஒரு சாதாரண லாட்ஜில் ஒரு வாரம் அறை எடுங்கள், அங்கிருந்து பஸ்ஸில் போய் வீடு பாருங்கள். எனக்கு ஏஜென்ட் ஒருவர் போட்டோவில் காட்டிய வீடு நேரில் வேறு வீடாக இருந்தது, அட்வான்ஸில் பாதியைத் திரும்ப வாங்கவே படாத பாடு. டீக்கடையில் கேளுங்கள், மளிகைக் கடையில் கேளுங்கள், கோயிலிலோ சர்ச்சிலோ கேளுங்கள். மாதக்கணக்கில் பேசினால், சீசனில் கன்னியாகுமரி லாட்ஜில் சில நாளுக்குக் கொடுக்கிற காசில் ஒரு மாதத்தை முடித்துவிடலாம். கரண்ட் பில் யார் கட்டுவது, குடிதண்ணீர் குழாய் எந்த நாளில் வரும், செப்டிக் டேங்க் எப்போது எடுத்தார்கள், இந்த மூன்றையும் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். ஆதார் நகல் கேட்பார்கள், போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க என்பார்கள், தயங்காமல் கொடுங்கள்.

சாமான்களில் குக்கர், மிக்ஸி, உங்களுக்குப் பழகிய தலையணை. கம்பளியை எல்லாம் டெல்லியிலேயே விட்டுவிடுங்கள், ரயிலுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். பருத்தி வேட்டி, புடவை கூடுதலாக. குடை கண்டிப்பாக, தை மாதத்திலும் திடீரென்று ஒரு மழை கொட்டிவிட்டுப் போகும்.

குன்னூர்க்காரர்

மனைவி. தலையணைக்குப் பக்கத்தில் தேங்காய்த் துருவியையும் எழுதச் சொன்னேன், விட்டுவிட்டார். வாடகை வீட்டில் எல்லாம் இருக்கும், துருவி மட்டும் மொட்டையாக இருக்கும். இங்கே தேங்காய் இல்லாமல் ஒரு வேளையும் நகராது.

டெல்லிக் குளிர்

துருவி குறித்துக்கொண்டேன். டிக்கெட் அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கும், டிசம்பர் மூன்றாவது வாரத்துக்குப் பார்க்கிறேன். நண்டு சார், சுசீந்திரத்தில் உங்களுக்குத் தெரிந்த வீடு இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், மாடிப்படி இல்லாததாக.

நாஞ்சில் நண்டு

ரத வீதியில் என் சித்தப்பா வீட்டுப் பின்கட்டு காலியாக இருக்கிறது, கிணறு உண்டு, படி இல்லை, கொசுவலை இல்லை. வலை அடித்துத் தரச் சொல்லிக் கேட்டுவிட்டு ராத்திரி எழுதுகிறேன்.